பிக்கப் வண்டிக்கு மைலேஜ் கூட்டும் சாய்வு மூடி: நாமே செய்யும் முழு முறை

கோயம்பேட்டில் காய்கறியை இறக்கிவிட்டு வேலூருக்குத் திரும்பும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின்னால் காலியாகத்தான் வருகின்றன. லோடு இல்லை, ஏற்றம் அதிகமில்லை, ரோடு நான்கு வழி. அப்படியும் டீசல் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. காலி வண்டி எதை இழுக்கிறது? காற்றைத்தான்.

ஒரு கணக்கு போடுவோம். முன்பக்கப் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர், இழுவைக் கெழு (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.5 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 37 கிலோ எடைக்குச் சமம். அதே வண்டி காலியாக 1,800 கிலோ இருந்தால், டயர் உருளும்போது ஏற்படும் தடை 21, 22 கிலோதான். அதாவது மொத்தத் தடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கே போகிறது. வேகம் 40-க்கு இறங்கினால் காற்றின் பங்கு 9 கிலோவாகச் சுருங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம்.

இந்த 37 கிலோவில் கொஞ்சத்தைக் குறைக்கத்தான் பின்பாடிக்கு மேல் சாய்வான மூடி. கேபின் கூரையிலிருந்து பின் டோர் வரை மெல்லச் சரிந்து இறங்கும் ஒரு கூடு, அவ்வளவுதான். ஆனால் சரிவு எவ்வளவு, இடைவெளி எங்கே, விளிம்பு எப்படி என்ற சில விஷயங்களில் தவறினால் செலவும் எடையும்தான் மிஞ்சும்.

யார் செய்யலாம், யார் செய்ய வேண்டாம்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் என்.எச். 48-இல் சென்னைக்கோ ஓசூருக்கோ அடிக்கடி ஓடுகிறவர்கள், அதிலும் ஒரு பக்கம் காலியாகவோ உயரம் குறைந்த லோடோடோ வருகிறவர்கள் செய்யலாம். பதனிட்ட தோல் கட்டு, ஷூ பெட்டி, குடியாத்தம் கைலிக் கட்டு, மருந்துப் பெட்டி போன்ற சரக்குக்கு இது பொருத்தம். மழையில் நனையாது, தார்ப்பாய் கட்டும் வேலையும் மிச்சம்.

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு வேண்டாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இது ஒன்றும் பெரிதாகச் சேமிக்காது. மூட்டையைக் கேபின் உயரத்துக்கு மேல் அடுக்குகிறவர்களுக்கும் வேண்டாம்.

எவ்வளவு மிச்சமாகும்? காற்று இழுவை 10 முதல் 15 சதவீதம் குறைகிற மாதிரி ஒரு மூடி அமைந்தால், 80 கி.மீ. சீரான வேகத்தில் டீசலில் 5, 6 சதவீதம் எதிர்பார்க்கலாம். மாதம் 3,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 250 லிட்டர் செலவு. அதில் 6 சதவீதம் 15 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,350 ரூபாய். பட்டறையில் சொல்லும் மொத்தச் செலவை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் திரும்பினால் தாராளமாகச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 80-இல் போகிறவர் 65-க்கு இறங்கினாலே காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும், காசு செலவில்லாமல். கேபின் தலையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றுவதும் அப்படித்தான். டயர் காற்றும் சரியாக இருக்கட்டும். இவை மூன்றையும் செய்த பிறகு மூடிக்கு வாருங்கள்.

பின்பாடிக்குள் காற்று என்ன செய்கிறது

பின் டோரை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று நேராக வெளியேறும், மைலேஜ் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. டோர் மூடியிருக்கும்போது பின்பாடிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது. கேபினைத் தாண்டி வரும் காற்று அந்தச் சுழலின் முதுகில் ஏறிப் பின்னால் போகிறது. டோரை இறக்கினால் சுழல் கலைந்து, கேபினின் முதுகுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் மாதிரி ஒரு தாழ்வழுத்தம் உருவாகிறது. அதுதான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது.

பின்பாடிக்கு மேல் தட்டையாக ஒரு மூடி போட்டால் கொஞ்சம் குறையும். கேபின் கூரையின் தொடர்ச்சியாகச் சரிந்து இறங்கும் மூடி போட்டால் இன்னும் நன்றாகக் குறையும். காற்று கூரையை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இறங்கி, வண்டியின் பின்னால் உள்ள தாழ்வழுத்தப் பகுதியைச் சிறிதாக்குகிறது.

ஒட்டிக்கொண்டே இறங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஸ்.ஆர். அகமதுவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1984-இல் வெளியிட்ட காற்றுச் சுரங்கச் சோதனையில், எளிய வடிவமுள்ள ஒரு வண்டி மாதிரியின் பின்கூரைச் சரிவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சரிவு 12, 13 டிகிரி அளவில் இழுவை குறைந்தது. அதைத் தாண்டி ஏற ஏற இழுவையும் ஏறி, 30 டிகிரியில் உச்சத்துக்குப் போனது. சரிவு அதிகமானால் பார்க்கக் கார் மாதிரி அழகாக இருக்கும், ஆனால் மூடி இல்லாத வண்டியைவிட மோசமாகவும் ஆகலாம். பட்டறையில், "அண்ணே, இன்னும் கொஞ்சம் சாய்ச்சா டோரோட டோரா வந்து நிக்கும், எடுப்பா இருக்கும்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்முனை டோருக்கு மேல் உயரமாகவே நிற்கட்டும். வாலை நீட்டாமல் வெட்டிவிட்டாலும் பயன் பெருமளவு கிடைக்கும் என்பதை 1930-களிலேயே ஜெர்மன் பொறியாளர் வுனிபால்ட் காம் காட்டிவிட்டார்.

மூடி போடுமுன் மைலேஜ் எடுத்துவையுங்கள்

இதைப் பலர் தவிர்த்துவிட்டு, மூடி போட்ட பிறகு "நல்லா இழுக்குது" என்று மனக்கணக்கில் பேசுகிறார்கள். இழுப்பு தெரிவது வேறு, டீசல் மிச்சமாவது வேறு.

ஒரே பங்க், ஒரே பம்ப், டீசல் அடிக்கும் துப்பாக்கி தானாக முதல் முறை நின்றதும் நிறுத்துவது. அங்கிருந்து ஒரே பாதையில் போய்த் திரும்பி, அதே பம்பில் மறுபடி அதே மாதிரி நிரப்புவது. ஓடிய கி.மீட்டரை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 100 கி.மீட்டருக்குக் குறைவாக ஓட்டி எடுக்கும் கணக்கு பயன்படாது, டீசல் தொட்டி நிரப்புவதில் வரும் ஏற்றத்தாழ்வே சேமிப்பை விழுங்கிவிடும். 200 கி.மீ. இருந்தால் நல்லது.

கட்டாயம் போக வர இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்க வேண்டும். நம் பாதை சமதளம் போலத் தெரிந்தாலும் அப்படி இல்லை. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர் உயரம். சென்னைக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பெங்களூரு 900 மீட்டருக்கும் மேலே. அதோடு தென்மேற்குப் பருவக் காற்று மாதங்களில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். கிழக்கே போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஒரு வழிக் கணக்கை நம்பி மகிழ்ந்தவர்களும் உண்டு, நொந்தவர்களும் உண்டு.

வேகத்தை ஒரே அளவில் பிடியுங்கள். சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில் உச்சவரம்பு 80 கி.மீ.தான், ஆகையால் 70 அல்லது 75 என்று முடிவு செய்துகொண்டு அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். லோடு, டயர் காற்று, ஓட்டுநர் மூன்றும் மாறக்கூடாது.

அளவெடுத்தல்

வண்டியைச் சமதளத்தில், காலியாக நிறுத்துங்கள். பிக்கப்பில் கேபின் தனி, பின்பாடி தனி என்பதை முதலில் மனதில் வையுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி வேறு பக்கம் சாயும். மூடியைப் பாடியோடு மட்டும்தான் பிணைக்க வேண்டும். கேபினில் ஒரு ஸ்க்ரூகூட வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சில வாரங்களில் ஷீட் கிழியும், அல்லது கேபின் தகடு விரிசல் விடும்.

எடுக்க வேண்டிய அளவுகள்: பாடியின் பக்கப் பலகை மேல்விளிம்பிலிருந்து கேபின் கூரையின் பின்விளிம்பு எவ்வளவு உயரம், கேபின் முதுகிலிருந்து பின் டோர் வரை நீளம், முன்னும் பின்னும் பாடியின் அகலம், கேபின் கூரையின் அகலம், கேபினுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி. பாடியின் முன்சுவரில் கம்பித் தடுப்பு இருந்தால் அதன் உயரமும் வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஓடிய பாடி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது.

சரிவை வரைதல்

உதாரணத்துக்கு நீளம் 250 செ.மீ., கேபின் கூரை பக்கப் பலகையைவிட 65 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். முன்னிருந்து 50 செ.மீட்டருக்கு ஒரு புள்ளியாக, பலகைக்கு மேல் மூடியின் உயரம் இப்படி வரலாம்: தொடக்கத்தில் 65, பிறகு 63, 58, 50.5, 41, கடைசியில் 30 செ.மீ. முதல் அரை மீட்டர் கிட்டத்தட்ட மட்டமாக, 2 டிகிரிக்குச் சற்று மேல். அப்புறம் மெல்ல மெல்லச் சரிவு கூடி, கடைசி அரை மீட்டரில் 12 டிகிரியைத் தொட்டு நிற்கிறது. எங்கும் திடீர் மடிப்பு இல்லை.

உங்கள் வண்டிக்கு அளவு வேறாக இருந்தால் ஒரு எளிய கணக்கு போதும். 100 செ.மீ. நீளத்துக்கு 21 செ.மீ. இறங்கினால் அது 12 டிகிரி, 27 செ.மீ. இறங்கினால் 15. எந்த இடத்திலும் 15-ஐத் தாண்ட வேண்டாம். வளைவு வேலை கடினம் என்றால் நேர் சரிவாகவே வைக்கலாம், ஆனால் கேபினை ஒட்டிய முதல் 30, 40 செ.மீ. மட்டும் வளைந்து இறங்க வேண்டும். காற்று பிரிவது அங்கேதான் தொடங்கும்.

மூடியின் முன்விளிம்பு கேபின் கூரையைவிட உயரமாக எழக்கூடாது. ஒரு செ.மீ. தாழ்ந்திருந்தால் தவறில்லை. பாடி கேபினைவிட அகலம் என்பதால் மூடியின் முன் மூலைகள் இரண்டு பக்கமும் வெளியே தெரியும், அவற்றை உருண்டையாக்குங்கள். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக லேசாக உள்ளே சாயட்டும், பக்கமும் கூரையும் சேரும் விளிம்பு நாலைந்து செ.மீ. ஆரத்தில் உருண்டு இருக்கட்டும். ஆனால் பின்முனையை உருட்டாதீர்கள். காற்று அங்கே சட்டென்று, ஒரே கோட்டில் பிரிய வேண்டும். முன்னே உருண்டை, பின்னே கூர்மை.

வரைந்ததை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். விளம்பரப் பலகைக்கு உபயோகிக்கும் சன்பேக் ஷீட்டில் பக்கச் சுவர் இரண்டையும் முழு அளவில் வெட்டி, வண்டியின் மேல் நிறுத்திப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் சரிவு கேபின் கோட்டோடு சேர்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும். இந்த மாதிரியோடு ரோட்டில் மட்டும் இறங்கக் கூடாது. பறந்து போய்ப் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் விழும்.

சட்டம்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே மூடியைக் கழற்றி மாட்டும் பொருளாகவே செய்யுங்கள். பாடியில் வெல்டிங் வேண்டாம், வண்டியின் நீள அகலத்துக்கு வெளியே எதுவும் நீட்ட வேண்டாம். வேலை தொடங்குமுன் படத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம், பணம் மிச்சம். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் எதையும் மூடி மறைக்கக்கூடாது. பின்னால் சிவப்பும் பக்கத்தில் மஞ்சளுமாக ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை மூடியின் மேலும் ஒட்டுங்கள். இரவில் பள்ளிகொண்டா தாண்டி வேகமாக வரும் பேருந்துக்கு அதுதான் கண்ணில் படும்.

மூடிக்குள் ஆட்களை ஏற்றவே கூடாது. வண்டியின் பின்னால் உள்ள தாழ்வழுத்தம் சைலென்சர் புகையை உள்ளே இழுக்கும்.

சட்டகம்

25 மி.மீ. ஸ்கொயர் பைப், 1.2 மி.மீ. கனம் போதும். இரும்பில் மீட்டருக்கு 0.9 கிலோ வரும். நம் உதாரண அளவுக்கு ஏறக்குறைய 28 மீட்டர் தேவை, ஆக 25 கிலோ. அலுமினியப் பைப் 1.5 மி.மீ. கனத்தில் எடுத்தால் 11 கிலோவுக்குள் முடியும், ஆனால் அலுமினிய வெல்டிங் தெரிந்த கை வேண்டும். இராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய இருப்பதால் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். கிடைக்காவிட்டால் இரும்பிலேயே செய்யுங்கள், குறை ஒன்றுமில்லை. மூடியின் மொத்த எடை 45 கிலோவுக்குள் இருக்க வேண்டும், இரண்டு பேர் தூக்கி இறக்கும் அளவு.

பக்கப் பலகை மேல் உட்காரும் இரண்டு அடிப் பைப்புகள். அவற்றின் மேல் 50 செ.மீட்டருக்கு ஒன்றாக, வரைந்த உயரத்தில், கவிழ்த்த "ப" வடிவில் ஆறு வளைவுகள். இவற்றை முன்பின்னாகப் பிணைக்க மேலே இரண்டு நீளப் பைப்புகள். சரிவுக்கு ஏற்ப இவை வளைய வேண்டும் என்பதால் கீழ்ப்பக்கம் வெட்டுக் கொடுத்து வளைத்து வெல்டு வைக்கலாம், பைப் வளைக்கும் மெஷின் இருந்தால் வேலை சுத்தமாக வரும். பின்முனையில் ஒரு குறுக்குப் பைப்.

முழு வெல்டிங் முதலிலேயே வேண்டாம். எல்லா இணைப்பிலும் பொட்டு வெல்டு மட்டும் வைத்து, சட்டகத்தை வண்டியின் மேல் தூக்கி வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஆடாமல் உட்கார்கிறதா, குறுக்கு மூலை அளவு இரண்டும் ஒன்றா, கேபினுக்கு 3 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, இறக்கி வைத்து, அப்புறம் முழு வெல்டு. 1.2 மி.மீ. பைப்பைச் சாதாரண ராடில் வெல்டு வைத்தால் ஓட்டை விழும், சி.ஓ.டூ வெல்டிங் உள்ள பட்டறையாகப் பாருங்கள். ஜி.ஐ. பைப் என்றால் இணைப்பு இடங்களில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில் வெல்டு வைக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும். பிறகு இணைப்புகளுக்குத் துத்தநாக பெயிண்ட் இரண்டு கோட். வெல்டிங் நடக்கும்போது சட்டகம் வண்டியின் மேல் இருக்கவே கூடாது. இப்போதைய டீசல் எஞ்சின்களின் மின்னணுப் பெட்டி தாங்காது.

மேல் ஷீட்

ஏழு சதுர மீட்டர் ஷீட் தேவைப்படும். 1 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ, மொத்தம் 19 கிலோ. கடை முகப்புகளுக்கு ஒட்டும் ஏ.சி.பி. ஷீட் 3 மி.மீ. கனத்தில் சுமார் 4 கிலோ. வழவழப்பாக இருக்கும், ஆனால் எடை கூடுகிறது. 6 மி.மீ. உள்ளறை பாலிகார்பனேட் (நடுவில் வெற்று அறைகள் உள்ள பிளாஸ்டிக் ஷீட்) 1.3 கிலோதான், வெளிச்சமும் வரும். ஆனால் நம் ஊர் வெயிலைத் தாங்க, வெயில் காப்புப் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். என் தேர்வு கூரைக்கும் பக்கத்துக்கும் அலுமினியம், முன்னும் பின்னும் கேபின் கண்ணாடிக்கு நேராக ஒரு பாலிகார்பனேட் ஜன்னல். ஜன்னல் இல்லாவிட்டால் உள் கண்ணாடியில் பின்னால் எதுவும் தெரியாது.

தார்ப்பாய் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மலிவுதான். ஆனால் துணி படபடவென்று அடித்துக்கொண்டால் இழுவை குறையாது, கூடும். விறைப்பாக இழுத்துக் கட்ட முடியுமானால் மட்டும், சோதனைக்கு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

8-க்கு 4 அடி ஷீட்டைக் குறுக்காகப் போட வேண்டியிருக்கும், ஆகவே கூரையில் இணைப்புகள் வரும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறுவது போல, முன் ஷீட் பின் ஷீட்டின் மேல் 4 செ.மீ. ஏற வேண்டும். பின் ஷீட்டிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி வாருங்கள். மாற்றிப் போட்டால் காற்றும் மழையும் இடுக்கில் புகுந்து ஷீட்டை உரித்துவிடும்.

இரும்புப் பைப் மேல் அலுமினியம் நேரடியாகப் படக்கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். இடையில் ரப்பர் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில் 7, 8 செ.மீட்டருக்கு ஒரு பாப் ரிவெட், நடுவில் 15 செ.மீட்டருக்கு ஒன்று, இடுக்கில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலண்ட். வெயிலில் ஷீட் நீளும் என்பதையும் கணக்கில் எடுங்கள். காலைக் குளிருக்கும் மே மாத நடுப்பகல் தகட்டுச் சூட்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால், 2.5 மீட்டர் அலுமினியம் 2 மி.மீட்டருக்கு மேல் நீளும்; பாலிகார்பனேட் 6, 7 மி.மீ. நீளும். பாலிகார்பனேட்டுக்குத் துளையைப் பெரிதாகப் போட்டு வாஷரும் ரப்பரும் வைத்து ஸ்க்ரூ செய்யுங்கள், ரிவெட் அடித்தால் துளை ஓரத்தில் கீறல் விடும்.

பின்முகத்தில் உள்ள 30 செ.மீ. உயரத்துக்கு மேலே கீல் வைத்த ஒரு பலகை. பின் டோரை இறக்கி, இதைத் தூக்கினால் சரக்கு ஏற்ற வாய் கிடைக்கும். பாடியின் உள்பக்கம்வரை குனிந்து போக வேண்டியிருக்கும், அது உண்மைதான். தினமும் ஏற்றி இறக்கும் வண்டி என்றால் ஒரு பக்கச் சுவரையும் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

பிணைப்பு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இது 45 கிலோ கூடு, அதுவும் வளைந்த முதுகுள்ள கூடு. வளைவின் மேல் வேகமாகப் போகும் காற்று அதை மேலே இழுக்கும். 80 கி.மீ. வேகத்தில் காற்றின் முழு அழுத்தம் சதுர மீட்டருக்கு 29 கிலோ. 4 சதுர மீட்டர் கூரையில் அதில் பாதி இழுத்தாலே 58 கிலோ, மூடியின் எடையைவிட அதிகம். எதிர்காற்று 40 கி.மீ. சேர்ந்தால் இந்த இழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகும். எதிரே பேருந்து கடக்கும்போது கிடைக்கும் உதறல் தனி.

ஆகவே பக்கத்துக்கு மூன்றாக ஆறு இடத்தில் பிடிமானம், ஒவ்வொன்றும் தனியாகவே 100 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். 10 மி.மீ. போல்ட் இதைச் சுலபமாகத் தாங்கும்; போல்ட் பிடித்திருக்கும் தகடுதான் கிழியும். 5 மி.மீ. பட்டையில் "ட" வடிவக் கவ்வி செய்து, பக்கப் பலகையின் விளிம்புக்குக் கீழே கவ்வ வைத்து, அடியில் ரப்பர் கொடுங்கள். நட்டு எல்லாம் நைலான் பிடிப்பு உள்ளதாக இருக்கட்டும். இதற்கு மேல், கயிறு கட்டும் கொக்கிகளில் மாட்டி, முன்னும் பின்னும் குறுக்காக ஒரு ராட்செட் பெல்ட். கவ்வி விட்டாலும் பெல்ட் பிடிக்கும். இந்தச் செலவில் கை இறுக்கம் காட்டாதீர்கள், ஏனென்றால் தவறினால் அடிபடுவது நாம் இல்லை, பின்னால் வருகிறவர்.

இடைவெளிகளை அடைத்தல்

பாதிப் பயன் இங்கேதான் போகும். கேபினுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள 3 செ.மீ. இடைவெளியில், கார் டோருக்குப் போடும் உள்ளீடற்ற பீடிங் ரப்பரை மூடியின் முன்விளிம்பில் மாட்டுங்கள். ரப்பர் கேபினைத் தொட்டு நிற்க வேண்டும், ஒட்டியிருக்கக்கூடாது. மூடியின் அடிப் பைப்புக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் கேஸ்கட் ரப்பர். பின் பலகை மூடும் இடத்திலும் அப்படியே. மழைக்காலத்தில் ஒரு வாளி தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்தாலே எங்கே ஒழுகுகிறது, எங்கே காற்று புகும் என்று தெரிந்துவிடும்.

ரோட்டுச் சோதனை

முதல் ஓட்டம் 50 கி.மீ. வேகத்துக்குள், காலியாக. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் வேகம் கூட்டாதீர்கள்.

அப்புறம் நூல் சோதனை. 10, 12 செ.மீ. நீளத்துக்குக் கம்பளி நூலை வெட்டி, கூரையிலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளியில் டேப்பால் ஒட்டுங்கள். வாலாஜா பக்கம் போக்குவரத்து குறைந்த நேரத்தில் நீங்கள் 70-இல் போக, நண்பர் காரில் பக்கத்து வழித்தடத்தில் வர, அவரோடு வருகிறவர் படம் பிடிக்கட்டும். ஓட்டுகிறவர் போனைத் தொடக்கூடாது. நூல் பின்னோக்கிப் படிந்து கிடந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. சுழன்றாலோ எழுந்து ஆடினாலோ முன்பக்கம் திரும்பினாலோ அந்த இடத்தில் பிரிந்துவிட்டது. கேபினை ஒட்டிய வரிசையில் ஆடினால் முன்விளிம்பு உயரம் அல்லது இடைவெளியில் குறை. கடைசி வரிசையில் மட்டும் ஆடினால் சரிவு அதிகம். பின்முனையை இரண்டு மூன்று செ.மீ. உயர்த்த வேண்டும். பக்க விளிம்பில் சுருண்டால் மூலை போதிய அளவு உருளவில்லை.

இதெல்லாம் சரியான பிறகு, பழைய பங்க், பழைய பம்ப், பழைய பாதை, பழைய வேகம். மூடியோடு ஒரு முறை எடுத்தால் போதாது. மூடி இல்லாமல், மூடியோடு, மறுபடி மூடி இல்லாமல் என்று மாற்றி எடுங்கள். முதல் கணக்கும் மூன்றாவது கணக்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால்தான் நடுக்கணக்கை நம்பலாம். அவை இரண்டுமே 5 சதவீதம் விலகினால் காற்றோ டயரோ ஓட்டுதலோ மாறியிருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும்.

மூடி மாட்டிய முதல் மாதம் வாரம் ஒரு தடவை கவ்விகளை முடுக்குங்கள், பிறகு மாதம் ஒரு தடவை. ரப்பர் வெயிலில் வெடிக்கும், கோடை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். கழற்றி வைக்கும்போது தரையில் கவிழ்த்து வைத்தால் விளிம்பு நசுங்கும். கொட்டகை உத்திரத்தில் நான்கு கயிறு போட்டுத் தொங்கவிட்டால், வண்டியை அடியில் கொண்டுவந்து நிறுத்தி நேராக இறக்கிக்கொள்ளலாம்.